பெயர் சுரண்டிய தட்டு

வால்டோர்ஃப்
9 மார்ச் 1969

அன்புள்ள அண்ணா,

முதலில் பார்சலைப் பிரியுங்கள், பிறகு கடிதத்தைப் படியுங்கள். எப்படியும் அப்படித்தான் செய்திருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா?

நீங்கள் கேட்டபடி எல்லாமே அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டு. பக்கத்து முகாமிலிருந்து ஊர் திரும்பும் அமெரிக்க சிப்பாய்கள் ரேடியோ, கோட்டு, ரெக்கார்டு என்று கையில் இருப்பதையெல்லாம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் அள்ளிக்கொண்டு வருகிறேன். ஈஸ்ட் ஆராய்ச்சிக்கு இதெல்லாம் எதற்கு என்று ப்ரொஃபசர் கேட்டார். அண்ணன் ஹம்பேர்கில் கப்பல் பட்டறை எஞ்சினியர், பாட்டென்றால் உயிர் என்று சொன்னேன். சனிக்கிழமை ஹால் பிடித்து டான்ஸ் நடத்துகிறார் என்பதைச் சொல்லவில்லை. உங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன், நன்றி சொல்லுங்கள்.

அடியில் துணியில் சுற்றிய ஒன்று இருக்கும். அது இந்தக் கட்டில் சேர்த்தி இல்லை, என்னுடையது. வெண்டெல் பாடியது.

போன கடிதத்தில் அவனைப் பற்றி அரையும்குறையுமாக எழுதினேன். முகாமில் லாரி மெக்கானிக். சொந்த ஊர் மெம்பிஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவான், சனிக்கிழமை அதே குரலில் கிளப்பில் பாடுவான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “கர்த்தர் என்று வரும் இடத்தில் கண்ணே என்று போட்டால் காசு கொடுப்பார்கள், அவ்வளவுதான்” என்றான். அவன் அம்மா காதில் விழுந்தால் தோலை உரித்துவிடுவாராம். அவர்தான் அந்த ஊர் சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர்.

தானே எழுதிய பாட்டு ஒன்றை மான்ஹைமில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாடி, ஒரே ஒரு தட்டு வெட்டி வாங்கினான். டேப்பை அவர்கள் அடுத்த ஆளுக்காக அழித்துவிட்டார்கள். ஆக உலகத்தில் இந்தப் பாட்டு இந்தத் தட்டில் மட்டும்தான் இருக்கிறது. கடைசி அடிக்கு முன்னால் பாட்டை நிறுத்தி ஒரு மூச்சை விழுங்குவான். சின்ன வயதில் மூச்சு இழுப்பு நோய் இருந்ததாம், அப்போது வந்த பழக்கம். அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தொண்டை அடைக்கிறதா, உங்களுக்கும் அடைக்குமா என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் அனுப்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. இது கடைத் தட்டு மாதிரி அச்சடித்தது அல்ல. அலுமினியத் தகட்டின்மேல் கறுப்புப் பூச்சு பூசி அதில் வெட்டியது. ஒவ்வொரு தடவையும் ஊசி கொஞ்சம் வழித்துக்கொண்டு போகும். ஒருமுறை கேளுங்கள், மிஞ்சினால் இரண்டு முறை. ஹாலுக்கு எடுத்துப் போகாதீர்கள். ரிஜிஸ்டர் தபாலில் திருப்பி அனுப்புங்கள்.

உங்கள்
மல்லிகா

•

ஹம்பேர்க்
2 ஏப்ரல் 1969

அன்புள்ள மல்லிகா,

உன் கட்டு போன சனிக்கிழமை ஹாலைப் புரட்டிப் போட்டுவிட்டது. நீ பெரிய கைகாரி.

ஆல்வினைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஜமைக்காக்காரன். கப்பலில் சமையல்காரனாக வந்து இங்கேயே தங்கிவிட்டான். என் ஹாலில் அவனும் இன்னும் இரண்டு பேரும்தான் பாடுகிறார்கள். நீ அனுப்பிய சோல் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, “இது எங்கள் வீட்டுப் பாட்டு” என்று குதிக்கிறான். அமெரிக்காக்காரன் பாட்டு உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். மியாமி, நியூ ஆர்லியன்ஸ் ரேடியோ கடலைத் தாண்டி அவர்கள் ஊரில் கேட்குமாம். புளோரிடாவுக்குக் கரும்பு வெட்டப் போனவர்கள் பெட்டி நிறைய ரெக்கார்டோடு திரும்புவார்களாம். அதைக் கேட்டுத்தான் தெருவுக்கு மூன்று பையன்கள் சேர்ந்து குரல் பிரித்துப் பாடக் கிளம்பினார்கள். மேலே பாடுவது முழுக்க சோல். அடியில் இருக்கும் தாளம்தான் இவர்களுடையது. கிடாரை அடி விழும் இடத்தில் தட்டாமல், இரண்டு அடிக்கும் நடுவில் வெட்டுவார்கள். பேஸ் கிடார் சும்மா துணைக்கு வருவதில்லை, அதுதான் பாட்டையே இழுத்துக்கொண்டு போகும். வேகத்தை இறக்குகிறார்கள், ஆட்டம் ஏறுகிறது. இதற்குத்தான் ரெகே என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

லேபிள்களையெல்லாம் காசால் சுரண்டிவிட்டேன். பதறாதே. அது ஆல்வின் ஊர்ப் பழக்கம். எதிர்த்தெருவில் இன்னொருவன் ஹால் நடத்துகிறான். அவன் ஆள் வந்து தட்டின்மேல் குனிந்து பெயரைப் படித்துவிட்டால் அடுத்த வாரம் அதே பாட்டு அங்கே ஓடும். பெயர் தெரியாத வரைக்கும் பாட்டு நம்முடையது. அவன் ஊர் கிங்ஸ்டனில் ஹால் நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

வெண்டெல் தட்டையும் கேட்டேன். பாட்டு பிரமாதம், அதை மறுக்கமாட்டேன். நீ சொன்ன இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள். சேதுராமன் வீட்டு ஜாதகத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய் அமெரிக்க சிப்பாய், அதுவும் கறுப்பன் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? பாட்டு வேறு, வீடு வேறு. படித்தவள், புரிந்துகொள்வாய்.

உமாபதி

•

வால்டோர்ஃப்
30 ஏப்ரல் 1969

அண்ணா,

பாட்டு வேறு, வீடு வேறு. இதைப் பல தடவை படித்தேன். அவர்கள் குரல் சனிக்கிழமைதோறும் உங்களுக்குச் சோறு போட வேண்டும், ஆனால் அந்தக் குரல் உள்ள ஆள் வாசல்படி ஏறக்கூடாது. இதைப் புரிந்துகொள்ளத்தான் நான் படித்திருக்க வேண்டுமா?

சண்டை போட நேரமில்லை. வெண்டெலுக்கு வியட்நாம் உத்தரவு வந்துவிட்டது, இரண்டு வாரத்தில் புறப்பட வேண்டும். போவதற்கு முன் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தத் தட்டை ஒருமுறை கேட்க வேண்டும் என்கிறான். உடனே அனுப்புங்கள். தபாலை நம்ப முடியாது என்றால் சொல்லுங்கள், ரயிலேறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மல்லிகா

•

ஹம்பேர்க்
17 ஆகஸ்ட் 1969

மல்லிகா,

உன் கடிதம், தந்தி எல்லாம் வந்தது. பட்டறையில் இரட்டை ஷிஃப்ட், நீ வருகிறேன் என்ற வாரம் நான் ஊரிலேயே இல்லை. பதில் போடாதது தப்புதான். கோபத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டு நான் சொல்வதைக் கேள்.

ஆல்வின் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு எழுத்தில் சங்கீதம் படிக்க வராது, தட்டிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வரியைக் கேட்பது, ஊசியைத் தூக்குவது, பாடிப் பார்ப்பது, மறுபடி வைப்பது. இப்போது சனிக்கிழமை ஹாலில் முதலில் நான் தட்டைப் போடுகிறேன். அது முடிந்ததும் இவர்கள் மேடையேறி அதையே பாதி வேகத்தில், ரெகே தாளத்தில் பாடுகிறார்கள். சோலும் ரெகேயும் ஒன்றன் பின் ஒன்றாக. ஜனம் கத்துகிற கத்தலில் கூரை நிற்பது ஆச்சரியம். கண்ணால் பார்த்தால் உன் கோபமெல்லாம் போய்விடும். ஒருமுறை வா.

இன்னும் கொஞ்ச நாள் தட்டு இங்கே இருக்கட்டும். உனக்கு அது பெட்டியில் தூங்கப்போகிற பொருள், எனக்குத் தொழில்.

பையன் போய்விட்டான் என்று எழுதியிருந்தாய். பத்திரமாகத் திரும்பட்டும், அவன் ஊருக்கு.

உமாபதி

•

வால்டோர்ஃப்
12 ஜனவரி 1970

வெண்டெல் நவம்பரில் செத்துப்போனான்.

எனக்கு இப்போதுதான் தெரியும். நான் அவனுக்கு மனைவி இல்லை, எனக்குத் தந்தி கொடுக்க யாருக்கும் கடமை இல்லை. அவனோடு கிளப்பில் பாடிய ஒருவன் விடுமுறையில் வந்தபோது சொன்னான். சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாது என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாவம், அவனை நான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவன் அம்மா மிஸஸ் ஹார்ப்பருக்கு நானே எழுதினேன். நான் யார் என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. “நீதானா அந்தப் பெண், உன்னைப் பற்றி எழுதியிருந்தான்” என்று பதில் வந்தது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். அவன் ஏதோ ஒரு பாட்டு பாடித் தட்டு வெட்டியதாக எழுதியிருந்தானாம். அது என்னிடம் இருக்கிறதா என்று கேட்கிறார். வீட்டில் அவன் போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, குரல் எதிலும் இல்லை.

இருக்கிறது, அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் எழுதினேன்.

இது கையில் கிடைத்த அன்றே தட்டை அனுப்புங்கள்.

மல்லிகா

•

ஹம்பேர்க்
25 ஜனவரி 1970

மல்லிகா,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவன்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது, அதை நீ நம்ப வேண்டும்.

தட்டு இத்துடன் வருகிறது. கொஞ்சம் உழைத்திருக்கும், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொரு சமாச்சாரம். இங்கே ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரன் ஹாலுக்கு வந்து ஆல்வின் பாடியதைக் கேட்டான். வசந்தத்தில் அது கடைக்கு வரப்போகிறது. பாட்டாவது பிழைத்துக்கொண்டது என்று நினைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

•

வால்டோர்ஃப்
3 பிப்ரவரி 1970

உமாபதி அவர்களுக்கு,

தட்டு வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் கூட வேலை செய்கிற பெண் வீட்டில் நல்ல பிளேயர் இருக்கிறது. அங்கே போய்ப் போட்டேன்.

முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும் எண்ணெயில் எதையோ பொரிக்கிற சத்தம். அதற்கடியில் எங்கோ, நாலு வீடு தள்ளி ஒருவன் பாடுகிற மாதிரி. மூச்சை விழுங்கும் இடம் வந்ததா, வந்து போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பெண் பிளேயரில்தான் கோளாறு என்று நினைத்து ஊசியை மாற்றினாள். 

நீங்கள் எஞ்சினியர். ஊசி வழித்துக்கொண்டு போகும் என்று நான் எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தே ஒரு மனிதன் குரலைச் சனிக்கிழமை சனிக்கிழமையாக வழித்து எடுத்து ஆல்வினுக்கு ஊட்டியிருக்கிறீர்கள். அவன் உயிரோடு இருந்தபோதே அவனைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இனி லேபிளுக்கு வருகிறேன். மற்றவற்றைக் காசால் சுரண்டினேன் என்று எழுதினீர்கள். அப்படிச் சுரண்டிய தட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், பாதி எழுத்து மிச்சம் இருக்கும். இது அப்படி இல்லை. அலுமினியம் பளபளவென்று தெரிகிற வரை பிளேடு போட்டிருக்கிறது. அதில் வெண்டெல் பெயர் மட்டும் இல்லை. அவன் கையெழுத்தில் “மல்லிகாவுக்கு” என்று இருந்தது. எதிர்த்தெருக்காரனுக்குப் பயந்து பாட்டுக்காரன் பெயரை எடுத்தீர்கள், சரி. என் பெயரை எடுக்க யாருக்குப் பயந்தீர்கள்?

அந்த அம்மாவுக்கு நான் இப்போது என்ன அனுப்புவது? சொல்லுங்கள்.

மல்லிகா

•

ஹம்பேர்க்
20 பிப்ரவரி 1970

மல்லிகா,

அண்ணனைப் பெயர் சொல்லி, “அவர்களுக்கு” போட்டு எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டாய். இருக்கட்டும்.

ஆமாம், பிளேடால்தான் எடுத்தேன். ஹாலுக்கு நம் ஊர்ப் பையன்களும் வருகிறார்கள். ஹனோவரில் படிக்கிற குருமூர்த்தி மாதம் ஒருமுறை ரயிலேறி வந்துவிடுவான். அவன் மாமா தினம் சாயங்காலம் அப்பாவோடு நடக்கப் போகிறவர். குருமூர்த்தி அந்தத் தட்டைக் கையில் எடுத்து, ஒரு கறுப்பு சிப்பாய் கையெழுத்தில் என் தங்கை பெயரைப் படித்தால் என்ன ஆகும்? அவன் ஊருக்கு எழுதுகிற அடுத்த கடிதத்தில் நீதான் சமாச்சாரம். நான் காப்பாற்றியது உன்னைத்தான். உனக்கு அது புரியாது.

ஆல்வின் இரண்டு தடவை கேட்டான், பாடினவன் யார் என்று. தெரியாது, சிப்பாய்கள் விற்ற கட்டில் வந்தது என்றேன். கம்பெனிக்காரனுக்குப் பாட்டை எழுதியவர் பெயர் என்று ஏதாவது ஒன்று போட்டாக வேண்டும். என் பெயரைக் கொடுத்தேன். யாரோ ஒருவன் பெயர் வருவதற்கு நம் குடும்பப் பெயர் வரட்டுமே.

எத்தனை சோல் பாட்டு இப்படிப் பெயர் இல்லாமல் கிங்ஸ்டனுக்குப் போய் ரெகேயாக வந்திருக்கிறது தெரியுமா? யார் பாடியது, யார் எழுதியது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த ஊரில் ஒருவன்கூட வாயைத் திறந்திருக்கமாட்டான். நான் மட்டும் என்ன புதிதாகச் செய்துவிட்டேன்?

அந்த அம்மாவிடம் தபாலில் உடைந்துவிட்டது என்று எழுதிவிடு. அவருக்கும் அதுதான் நல்லது.

உமாபதி

•

ஹம்பேர்க்
8 மே 1971

அன்புள்ள மல்லிகா,

ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, உன் கையெழுத்தைப் பார்த்து. அப்பாவுக்கு மாத்திரம் எழுதுகிறாயாம். இருவரும் பேச்சுவார்த்தையில் இல்லையா என்று கேட்டார், வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

எனக்கு அநியாயம் நடந்திருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஆல்வின் தட்டு நன்றாகப் போயிற்று. அதைப் பார்த்துவிட்டு கம்பெனிக்காரன் அதே பாட்டை ஜெர்மனில் ஒரு பாட்டுக்காரியை வைத்துப் பாடவைத்துவிட்டான். தினமும் ரேடியோவில் ஓடுகிறது. எழுதியவர் என்று அவன் மச்சான் பெயர். ஆல்வின் தட்டின் புதுப் பதிப்பிலும் என் பெயரை எடுத்துவிட்டு அந்த மச்சானையே போட்டிருக்கிறான். கடையில் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது மல்லிகா. நான் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. ஒரு மனிதன் பெயரை இப்படியா வழித்துப் போடுவார்கள்?

வக்கீலிடம் போனேன். பாட்டு முதலில் என் கையில்தான் இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டா என்கிறார். உன்னிடம் அந்த மூலத்தட்டு இருக்கிறது. அதை அனுப்பு. கூடவே, பாட்டு அவர்கள் கைக்குப் போகும் முன்பே நம் குடும்பத்தில் இருந்தது என்று நீ ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடு. பழையதை எல்லாம் மறந்துவிடுவோம். கூடப்பிறந்தவள் இதைக்கூடச் செய்யமாட்டாயா?

உன் அன்பு அண்ணன்
உமாபதி

•

வால்டோர்ஃப்
6 ஜூன் 1971

அண்ணா,

மறுபடி அண்ணா என்றே எழுதுகிறேன். இது கடைசி என்பதால் முறையோடு முடிப்போம்.

சாட்சி கேட்கிறீர்கள். தட்டில்தான் பெயரே இல்லையே, நான் வக்கீலிடம் எதைக் காட்டுவது? அதில் இருந்த பெயரைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவன் இல்லை. மிச்சம் நீங்களும் நானும். நான் கோர்ட்டுக்கு வந்தால் வெண்டெல் ஹார்ப்பர் என்றுதான் சொல்லுவேன். அது உங்களுக்கு உதவாது, கம்பெனிக்காரனுக்கும் உதவாது.

நம் குடும்பத்துப் பாட்டு என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள். அவன் நம் குடும்பமாக வந்து நின்றபோது பாட்டு வேறு, வீடு வேறு என்று எழுதியது நீங்கள்தான். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. தேயவில்லை.

தட்டு என்னிடம் இல்லை. தபாலில் உடைந்தது என்று பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி மிஸஸ் ஹார்ப்பருக்கே அனுப்பிவிட்டேன். கூடவே கடைக்குப் போய் ஆல்வின் பாடிய தட்டையும் வாங்கி வைத்தேன். அதை வாங்க எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஆனால் அதற்கு முன் ஹைடல்பெர்கில் ஒரு பார்ட்டியில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டேன். எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதி வேகம், வேறு தாளம், வேறு குரல். எரிச்சலோடு கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடைசி அடிக்கு முன்னால் ஆல்வின் நிறுத்தி ஒரு மூச்சை விழுங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஆல்வினுக்கும் எழுதினேன். பாவம், நடுங்கிப்போய்ப் பதில் போட்டிருக்கிறார். உங்கள் ஹாலில் இப்போது ஏன் பாடுவதில்லை என்று உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார், நான் சொல்கிறேன். நீங்கள் பெயர் தெரியாது என்று சொன்னதுதான் காரணம். “லேபிளைச் சுரண்டுவது எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. பாடுகிறவனுக்கே தெரியக்கூடாது என்பதற்காக இல்லை” என்று எழுதியிருக்கிறார். அந்த மூச்சை அழகுக்குச் செய்தது என்று நினைத்துக் கற்றுக்கொண்டாராம். நோயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

மிஸஸ் ஹார்ப்பரின் கடிதம் போன வாரம் வந்தது. மூலத்தட்டில் ஒன்றுமே கேட்கவில்லையாம். இருந்தாலும் அதை வெண்டெல் போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். இன்னொன்றில் பாடுகிறவர் நல்ல பாட்டுக்காரர், ஆனால் என் பிள்ளை இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு மூச்சு மட்டும் அவனுடையதாம். மூச்சு முட்டினால் பயப்படாதே, நிறுத்து, விழுங்கு, பிறகு பாடு என்று ஏழு வயதில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானாம். அதனால் முழுப் பாட்டையும் கேட்பதில்லை. ஊசியை அந்த இடத்தில் வைக்கிறார், மூச்சைக் கேட்கிறார், தூக்கிவிடுகிறார். மறுபடி அதே இடத்தில் வைக்கிறார். வீட்டில் உள்ளவர்கள் போதும் என்கிறார்களாம், அவருக்குப் போதவில்லை.

அப்படிச் செய்தால் கடைத் தட்டும் தேயும் அண்ணா. அது அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. இங்கே கடை கடையாக ஏறி இறங்கி, உங்கள் பெயர் போட்ட பழைய பதிப்பில் மிச்சம் இருந்ததையெல்லாம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். தேயத் தேய ஒவ்வொன்றாக அனுப்புவேன். அனுப்புவதற்கு முன் உங்கள் பெயரைச் சுரண்டிவிடுகிறேன். காசால் இல்லை, பிளேடால். அந்த இடத்தில் வெண்டெல் பெயரை எழுதுகிறேன். அதற்குக் கீழே, யாருக்கு என்ற இடத்தில், என் பெயரையும்.

மல்லிகா